கஞ்சிக்குள் விழாத பல்லி

எங்கள் வீட்டுக் கஞ்சிக்குள் பல்லி விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கல்முனைக்குடியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் விழுந்தது என்றுதான் சொல்வார்கள். அதன் நீளத்தைக் கையால் அளந்து காட்டுபவர்களும் உண்டு. வருடத்துக்கு வருடம் வளர்ந்து, அது இப்போது ஓணான் அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பல்லியைப் பெற்று வளர்த்தவன் நான்.

ஒன்றும் தெரியாதவனால் ஊருக்குப் பெரிய கெடுதி வருவதில்லை. அவன் பேசாமல் இருப்பான், அல்லது பேசினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தெரிந்ததில் பாதியை மட்டும் சொல்லி, அதற்குக் கிடைக்கும் பாராட்டோடு நிறுத்திக்கொள்கிறவன்தான் ஆபத்தானவன். நான் அந்த வகை.

அப்போது எனக்கு ஐம்பது கடந்திருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் கலாநிதி என்ற டொக்டர் பட்டத்தோடு திரும்பி வந்து என் பக்கத்து அறைகளில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் வெறும் 'சேர்' ஆகவே இருந்தேன். (பெயர்ப்பலகையில் என் பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை நான் தினமும் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.) தலை நரைத்த பிறகு ஆசை பிடித்தது. பதிவு செய்து ஆராய்ச்சி தொடங்கினேன்.

என் ஆராய்ச்சி பார உலோகங்களைப் பற்றியது. அதிலும் கட்மியம். அது களவாக நுழைகிற உலோகம். செடிக்குத் துத்தநாகமும் இரும்பும் தேவை. அவற்றை உள்ளே எடுக்கும் வாசல்கள் வேரில் இருக்கின்றன. கட்மியம் அவற்றைப் போல வேடம் போட்டுக்கொண்டு அந்த வாசலில் வந்து நிற்கும். வேர் ஏமாந்து உள்ளே விட்டுவிடும். சாதாரணக் கடுகுச் செடி அதோடு சரி. இலை மஞ்சளாகும், வேர் கறுக்கும், வளர்ச்சி நின்றுபோகும். நாங்கள் எங்கள் கடுகுச் செடிகளுக்குள் மதுவம் என்ற ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு பரம்பரையலகை, அதாவது ஒரு ஜீனை, புகுத்தியிருந்தோம். அப்படி மாற்றப்பட்ட செடி, உள்ளே வந்த கட்மியத்தை, கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறுகளால் கையையும் காலையும் கட்டி, ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிற புன்வெற்றிடம் என்ற நீரறைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். செடி தன்பாட்டுக்கு வளரும். இலை பச்சைப் பசேலென்று சிரிக்கும். நஞ்சு உள்ளே பூட்டிக் கிடக்கும்.

இந்தச் செடியை நஞ்சேறிய மண்ணில் நட்டு, வளர்த்து, பிறகு அறுத்து எடுத்துப் பாதுகாப்பாக எரித்துவிட வேண்டும். மண் சுத்தமாகும். 'எரித்துவிட வேண்டும்' என்ற இடத்தை வாசகர்கள் மறக்கக்கூடாது. நான் மறந்தேன் என்று எழுத வந்தேன், அதுவும் பொய். மறக்கவில்லை. சொல்லாமல் விட்டேன்.

பரம்பரையலகு மாற்றப்பட்ட செடிகளை வெளியே கொண்டுவரக்கூடாது என்பது சட்டம். எங்கள் கண்ணாடிக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். உள்ளே போகச் செருப்பு மாற்ற வேண்டும். அப்படியிருக்க, நோன்பு தொடங்குகிற நேரம் பார்த்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. இன்னும் சில வாரங்களில் அறுவடை. செடிகள் செத்தால் என் பெயருக்கு முன்னால் உள்ள வெற்றிடம் என்னோடு கபுறுக்குழிக்குத்தான் வரும்.

ஒரு பின்நேரம் சிநேகிதர் ஒருவரின் வேனைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய், செடிகள் நின்ற பேசின்களை ஏற்றி, மருதமுனைச் சாரன்களால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேல் தளத்தில் வலை கட்டி அடுக்கினேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில பேசின்களுக்குக் கட்மியம் கலந்த நீர், சிலவற்றுக்கு வெறும் நீர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அதுதானே என் ஆராய்ச்சியின் பெருமை. ஒவ்வொரு பேசினிலும் மண்டையோட்டுப் படத்தோடு சிவப்பு எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. அதை வீட்டார் கண்டால் செடியோடு என்னையும் வெளியே அனுப்புவார்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். கிழக்குப் பக்கம் நஞ்சு, மேற்குப் பக்கம் வெறும் நீர். மனதில் வைத்துக்கொண்டால் போதாதா?

"அது ஆராய்ச்சி. கிட்டப் போகாதீங்க" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. ரிமோட்டை யாரும் தொடக்கூடாது என்பதற்கும் அதே சொல்லைத்தான் பாவித்து வந்திருக்கிறேன்.

இப்போது ஹனீபா மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி ஜெமீலாவின் மூத்த சகோதரர், அவளுக்குக் காக்கா. மருதமுனையில் வீடு, ஊரின் உட்பக்கம் வயல். வாழ்நாள் முழுக்க வயலில் நின்ற மனிதர். அந்த வருடம் அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகத் தொடங்கியிருந்தன. உப்பு இல்லை, இறைச்சி இல்லை, நோன்பும் பிடிக்கக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்கிற நேரம் எங்கள் வீட்டுக்கு வந்தால், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

நோன்பின் முதல் வாரத்தில் அப்படி வந்திருந்தபோது, மேலே என்ன செடி என்று என்னைக் கேட்டார். நான் பேரீச்சம்பழக் கொட்டையை ஓரமாக வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மண்ணில கிடக்கிற நஞ்சையெல்லாம் உறிஞ்சி எடுத்திரும் மச்சான். உங்கட வயலையும் சுத்தமாக்கித் தரும்."

யாரோ மாஷா அல்லாஹ் என்றார்கள். மச்சான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த நஞ்சு எங்கே போகும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஜெமீலாதான் ஒன்று கேட்டாள்.

"கடுகு இலைதானே. தின்னலாமா?"

"உலகத்தில பாதிச் சனம் கடுகு இலை தின்னுது" என்றேன், வகுப்பில் சொல்வது போல. அவள் தன் காக்காவின் வீங்கிய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கண்டேன். கண்டும் யோசிக்கவில்லை.

நோன்பு பாதி கடந்த ஒரு நாள். பின்நேர அஸர் தொழுதுவிட்டு வந்து, வழக்கம் போல மேலே போனேன். பேசின்கள் இடம் மாறியிருந்தன. எல்லாம் தண்ணீர்த் தாங்கியின் நிழலில், கலந்து, ஒழுங்காக, அழகாக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு பேசின்களில் இலைகளே இல்லை. வெறும் தண்டுகள் நின்றன. கத்தியால் வெட்டிய சுத்தமான வெட்டு.

நான் கீழே எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஜெமீலா குசினியில் பெரிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல சந்தோசம்.

வெயிலில் செடி வாடுதே என்று பேசின்களை இன்று காலையிலேயே அவள்தான் நிழலுக்கு இழுத்து வைத்தாளாம். பிறகு இலையை அறுத்துக் கஞ்சி காய்ச்சினாளாம். மண்ணின் நஞ்சையே எடுக்கிற இலை, காக்காவின் உடம்பில் உள்ளதை எடுக்காதா? முதல் ஊற்று அவருக்குத்தான். பிளாஸ்கில் ஊற்றி, மருதமுனைக்குப் போன ஓட்டோவில் சூட்டோடு அனுப்பியாயிற்று. மிச்சம் அயல் வீடுகளுக்கு. இனி நோன்பு முடியும்வரை தினமும் காய்ச்சி அனுப்புவதாக மனதில் உறுதியெடுத்து நிய்யத்தும் வைத்துவிட்டாள்.

"நீங்க ருசி பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நோன்போட எப்பிடிப் பாக்கிற?"

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே. சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உலோகம் சாகாது. கட்மியம் உடம்புக்குள் போனால் நேராகத் தேடிப்போய்த் தங்குகிற இடம் சிறுநீரகம். இதை நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன். ஹனீபா மச்சானிடம் மிஞ்சியிருந்ததோ அரைகுறைச் சிறுநீரகங்கள். வெட்டியது எந்தப் பேசின் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே வழியை நகத்தால் சுரண்டி எடுத்தவனும் நான்தான்.

மச்சானுக்கு அழைப்பெடுத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். இல்லை.

மகள் றிஸ்னாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கஞ்சி எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று அவளுக்குத்தான் தெரியும், ஸ்கூட்டியும் அவளுடையது. மூடியுள்ள ஒரு வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். மருதமுனை போகிற வழியில்தான் கஞ்சி போன மூன்று வீடுகளும்.

அயலாருக்கு வேறு வழியில் ஒரு பாதுகாப்பு இருந்தது. எல்லாரும் நோன்பு. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஊரில் ஒரு வாய் கஞ்சி இறங்காது. கஞ்சி போனவர்களில் அந்தப் பாதுகாப்பு இல்லாத ஒரே ஆள் மச்சான். நோன்பு பிடிக்காதே என்று வைத்தியர் சொன்ன அந்தச் சிறுநீரகக்காரர்தான் எந்த நிமிடமும் குடிக்கலாம்.

முதல் வீடு சுபைதா ராத்தாவின் வீடு. மேசையில் எங்கள் கிண்ணம், சரிகைத் துணியால் மூடியபடி. ஒருவருக்கு நோன்பு திறக்கக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவனை எங்கள் ஊரில் இதுவரை யாரும் கண்டதில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமா தம்பி என்று ராத்தா அன்பாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் களவாகக் கொண்டுவந்த செடிக் கதை இரவு இஷா தொழுகைக்கு முன் ஊரைச் சுற்றிவிடும், பிறகு பல்கலைக்கழகம், பிறகு என் பட்டம். சுவரைப் பார்த்தேன். ராத்தாவின் சுவரில் ஒரு பல்லி இருந்தது.

"கஞ்சிக்குள்ள பல்லி விழுந்திட்டு ராத்தா."

றிஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ராத்தா நெஞ்சில் கைவைத்தார்.

"அல்லாஹ்வே. எவ்வளவு பெரிசு?"

விஞ்ஞானம் படித்தவனிடம் அளவு கேட்டால் சும்மா இருக்க மாட்டான். சுட்டுவிரலை நீட்டிக் காட்டினேன். பல்லி பிறந்தது அப்போதுதான்.

கஞ்சியை நானே வாளிக்குள் ஊற்றினேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ராத்தா கிண்ணத்தைக் கழுவி, அதில் இனிப்பான வட்டிலாப்பம் வைத்து என் கையில் தந்தார். பாவம், ஜெமீலா மனமுடைந்து போயிருப்பாள் என்று அனுதாபம் வேறு. அடுத்த வீட்டில் பல்லி விழுந்ததற்குச் சமோசா. அதற்கடுத்த வீட்டில் ஹாஜியார் அவித்த கடலையோடு, பல்லி விழுந்த உணவைப் பற்றிய மார்க்கச் சட்டத்தையும் ஆறுதலாக விளக்கத் தொடங்கினார். நான் நடுவில் ஓடிவந்தேன். ஸ்கூட்டியின் இரண்டு கைப்பிடிகளிலும் பைகள் ஆடின. இவ்வளவு பாத்திரம் நிறையப் பொய்க்குக் கூலி வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"வாப்பா, நோன்போட பொய் சொல்றீங்க" என்றாள் மகள், முன்னால் பார்த்துக்கொண்டு.

"நீ வேகமா ஓட்டு புள்ள."

"உம்மாட கஞ்சியில பல்லியா? நாளைக்கு உம்மா எப்பிடி வெளிய இறங்கிற?"

வழியில்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன், பாதியாக அல்ல, முழுவதுமாக. ஸ்கூட்டியின் வேகம் கூடியது.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் கல்முனைப் பட்டினத்தைக் கடப்பது லேசான காரியமல்ல. ரோல்ஸ் கடை முன்னே சனம், தர்பூசணி வண்டி முன்னே சனம், குறுக்கே நிற்கிற ஓட்டோக்கள். எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். எல்லாருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும். வாளிக்குள் கஞ்சி குலுங்கிக் குலுங்கி மூடியின் ஓரத்தால் என் சாரனில் வழிந்தது. ஒரு கையால் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் மச்சான் ஒவ்வொரு மிடறாகக் குடிப்பது போல எனக்குத் தோன்றியது.

நாங்கள் போய் இறங்கியபோது மச்சான் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க், மூடி திறந்தபடி. பிளாஸ்கின் கோப்பை காலி. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெமீலா அனுப்பின கஞ்சி. ரெண்டு கோப்பை குடிச்சன் மச்சான். அவட கைப்பக்குவம் தனிதான்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தார். எல்லார் முன்னிலையிலும், களவாகக் கொண்டுவந்தது, சிவப்பு எச்சரிக்கையைச் சுரண்டியது, நஞ்சு எங்கே தங்கும் என்பதைச் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடிக்கவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. றிஸ்னா ஒரு பேரீச்சம்பழத்தை என் வாயில் திணித்தாள். அதை மென்றேனா விழுங்கினேனா தெரியாது.

மச்சானின் முகம் வெளிறியது. ஆனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். கொஞ்சம்தான் குடித்தது, ஒன்றும் செய்யாது என்றார். எனக்கு அது அவருடைய பெருந்தன்மையாகத் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பதற்காக உயிரையே விடத் துணிந்த மனிதர் என்று அழுகையே வந்தது. இழுத்து ஓட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்த வைத்தியர், ஒரு காலத்தில் உயர்தர உயிரியலை என்னிடம் டியூஷனில் படித்த பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் அமைதியாகக் கேட்டார்.

"கட்மியம் எதில தங்கியிருக்கு சேர்? வேர்லயா, இலையிலயா?"

"இலையில."

"எங்களுக்கு இதையே கேள்வியாக் கொடுத்தீங்க. நான் வேர் எண்டு எழுதிப் புள்ளி வெட்டுப்பட்டன்" என்றார். பிறகு வயிற்றைக் கழுவுவதற்காக நீளமான குழாய் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

மச்சான் அந்தக் குழாயைப் பார்த்தார். அது வந்த வழியைப் பார்த்தார். போக வேண்டிய வழியையும் யோசித்திருக்க வேண்டும்.

"தம்பி, அத அங்கால வைங்க. நான் குடிக்கல்ல."

"ஒரு வாய் வெச்சன், துப்பிட்டன். அப்பிடிக் கசப்பு. மிச்சத்த வாசல் முருங்கைக்கு ஊத்திட்டன். தங்கச்சி மனம் நோகுமெண்டு குடிச்சதாச் சொன்ன."

"அப்ப மீசையில என்னத்தத் துடைச்சீங்க?" என்று கேட்டது அவருடைய மனைவி.

மச்சான் வைத்தியரைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை.

"ரோல்ஸ். மாட்டிறைச்சி ரோல்ஸ். ரெண்டுதான்."

மச்சான் என் தொலைபேசி அழைப்பை எடுக்காததற்கும் காரணம் அதுதான். கை முழுக்க எண்ணெய். அந்த அறையில் முதலில் சிரித்தவர் தாதி. பிறகு வைத்தியர். கடைசியில் நானும் சிரித்தேன். சிரிப்புக்கு நடுவில் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. வைத்தியர் அவரைக் குழாயின்றி ஒரு இரவு படுக்க வைத்து, இரத்தத்தைச் சோதித்தார். ரோல்ஸுக்காக அவருக்கு ஏச்சு, செடிக்காக எனக்கு ஏச்சு. என்னை ஏசும்போதும் 'சேர்' என்றே சொன்னார். அதுதான் கூடச் சுட்டது.

வாளியில் இருந்த கஞ்சியைச் சோதனைக்கு அனுப்பினேன். வெறும் நீர் விட்ட பேசினாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அப்படி இல்லை. நஞ்சு இருந்தது. என் செடி என் ஆராய்ச்சியில் எழுதியபடியே, பிழையில்லாமல் வேலை செய்திருந்தது.

அதை ஜெமீலாவிடம் சொன்ன அன்று அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் அனுப்பிறதெண்டு நிய்யத் வெச்சிருந்தனே. நஞ்செண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன?"

இப்போது எனக்கு எழுபது கடந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தேடுகிறேன்.

நடந்ததை மேற்பார்வையாளருக்கு நானே எழுதினேன். வந்து செடிகளை எடுத்துப்போய் எரித்தார்கள். என் பதிவையும் ரத்துச் செய்தார்கள். அது நியாயம். பெயருக்கு முன்னால் உள்ள இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. (மச்சான் மட்டும் 'பல்லி டொக்டர்' என்று கூப்பிடுவார். பட்டம் தந்த ஒரே ஆள் அவர்தான்.)

பிறகு வீடு வீடாகப் போய், பல்லி விழவில்லை, ஜெமீலாவில் ஒரு குறையும் இல்லை என்று முழுக் கதையையும் சொன்னேன். இரும்பு, துத்தநாகம், புன்வெற்றிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். சுபைதா ராத்தா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "தம்பி, பல்லி விழுறது ஆருக்கும் வாறதுதானே. அதுக்கு உலோகம் தின்ற கடுகெண்டெல்லாம் ஏன் கஷ்டப்பட்டுக் கதை கட்டுறீங்க?" என்றார்.

மச்சானின் வாசல் முருங்கை நன்றாகவே நிற்கிறது. ஒருவரும் அதில் ஒரு காய் பறிப்பதில்லை. அந்த இரண்டு கோப்பைக் கஞ்சி அவ்வளவு பெரிய மரத்துக்கு ஒன்றுமே இல்லை, அது எத்தனை மழையில் கழுவப்பட்டுப் போயிருக்கும் என்று நான் பல தடவை சொல்லிவிட்டேன். மிச்சப் பாதியையும் சொல்லுங்க என்கிறார்கள். மிச்சப் பாதி இல்லை என்றால் நம்புகிறார்கள் இல்லை. மச்சான் அல்ஹம்துலில்லாஹ், கிளினிக் மருந்தோடு இன்னும் வயல் பார்க்கிறார்.

ஜெமீலா கஞ்சி காய்ச்சுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து கஞ்சி வெளியே போவதற்கு முன் முதல் கோப்பையை நான் குடிக்க வேண்டும். நான் நோன்பாளி, பாங்கு சொன்ன பிறகுதானே குடிக்கலாம்? ஆகவே கல்முனைக்குடியில் எல்லா வீட்டுக் கஞ்சியும் மஃரிபுக்கு முன்னமே அயல் வீட்டுக்குப் போய்விடும், எங்கள் வீட்டுக் கஞ்சி மட்டும் பிந்தித்தான் போகும். அவள் அகப்பையோடு எனக்கு முன்னால் நின்று, நான் விழுங்குவதைத் தொண்டையில் பார்ப்பாள். சூட்டில் நாக்கு வெந்தாலும் மிச்சம் வைக்க முடியாது. பிறகுதான் கிண்ணங்கள் வெளிக்கிடும்.

அதற்குப் பிறகு நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடப்பேன். சுபைதா ராத்தாவின் ஜன்னலில் திரை கொஞ்சம் விலகும். நான் நிமிர்ந்து, விழாமல், என் சொந்தக் காலில் போகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டில் எங்கள் கஞ்சிக் கிண்ணத்தின் மூடியைத் திறப்பார்கள்.